தலையில் புள்ளி

"ம்" என்றது.
அவ்வளவுதான்.
உதடு ஒட்டினபடி, தலையில் புள்ளியோடு,
உயிர் ஏறாத மெய்யாய் நின்றது
ஏழரைக் குதிரைவலு மோட்டர்,
திருக்கடலூர் ஐஸ் கொம்பனியில்,
இரவு இரண்டே காலுக்கு.

எட்டு விநாடி. டக்.
ஓவர்லோட் விழுந்தது.

"ஏழரை எண்டாலே சனிதான் மிஸ்"
என்றான் சுகிர்தன், ஒப்பரேட்டர். சிரிக்கவில்லை.
ரீசெட் பொத்தானில் அவன் பெருவிரல் ரேகை
கிரீசில் பதிந்திருந்தது.
எத்தனை தரம் அமத்தினாய்?
"மூண்டு."
கொஞ்சம் பொறுத்து,
"ஒன்பது."

தொட்டிக்குள் உப்புத்தண்ணி அசையாமல் கிடந்தது.
அதைக் கலக்கத்தான் இந்த மோட்டர்.
கலக்காவிட்டால் குளிர் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்,
தகரங்களுக்குள் தண்ணி தண்ணியாகவே இருக்கும்,
விடியப்புறம் முப்பது படகு
ஐஸ் கேட்டு வந்து நிற்கும்.
இப்போதே ஆறு நின்றன.

இக்னேசியஸ் முதலாளி சாரத்தை மடித்துக் கட்டியபடி
தீர்ப்போடு வந்தார்:
வைண்டிங் எரிஞ்சிட்டுது, கழட்டுங்கோ,
கிண்ணியாவுக்கு ஏத்துவம்,
சவாஹிர் மூண்டு நாளில சுத்தித் தருவான்.

நான் மோட்டரின் காற்றுவாயில் மூக்கை வைத்தேன்.
சூடு. கொஞ்சம் வார்னிஷ்.
எரிந்த வாடை வேறு;
ஒருமுறை முகர்ந்தவள்
கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டிலும் அதைப் பிரித்தறிவாள்.

கப்ளிங்கைக் கழற்றித் தண்டைக் கையால் சுற்றினேன்.
சுற்றியது. பேரிங் ஒன்றும் முறையிடவில்லை.
கேபிளைப் பிரித்து மெகர் வைத்தேன்: நாலு.
வேறு ஊரில் நாலு மெகோம் கவலை.
காற்றே உப்பாக வீசும் இந்தக் கரையில்
நாலு என்பது சுகம்.
சுருள் மூன்றும் ஒரே ஓம்,
ஒரு தாய் பிள்ளைகள்.

திரும்பக் கொழுவி, கிளாம்ப் மீட்டரோடு
ஒவ்வொரு கம்பியாய்.
சிவப்பில் ஐம்பத்துமூன்று. டக்.
மஞ்சளில் ஐம்பத்துமூன்று. டக்.
நீலத்தில்
பூச்சியம்.
(என் கணக்கையும் சேர்த்தால் பன்னிரண்டு தரம்.
பாவம் அந்த வார்னிஷ்.)

நீலத்தில் வோல்ட் பார்த்தால் நூற்றுப் பதினைந்து நிற்கும்.
அது கரண்ட் அல்ல,
சுருளுக்குள்ளால் சுற்றி வந்த
மற்ற இரண்டின் நிழல்.
அந்த நிழலை நம்பி முன்னொரு நாள்
சீனக்குடாவில் ஒரு நல்ல மோட்டரை
லொறியில் ஏற்றி அனுப்பினேன்.
இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மெயினை நிறுத்திப் பூட்டுப் போட்டேன்,
சாவி என் பையில்.
கொன்டாக்டரின் முகத்தைக் கழற்ற,
மூன்றாவது முனைகளுக்கிடையில்
ஒரு பல்லி.
கருகி, மட்டை போல் காய்ந்து,
வெள்ளியும் வெள்ளியும் தொடாதபடி
குறுக்கே படுத்திருந்தது.
வால் மட்டும் முழுசாய்.
சுருளின் சூட்டுக்கு வந்ததோ,
பச்சை விளக்கில் மொய்க்கும் பூச்சிக்கு வந்ததோ.

சுகிர்தன் டோர்ச்சைக் கிட்டப் பிடித்தான்.
"எந்தப் பக்கம் பாத்துக் கிடக்குது மிஸ்?"
பலன் கேட்கிறான்.
நீலப் பக்கம், என்றேன்.

இடுக்கியால் எடுத்து, முனைகளைத் துடைத்து,
பூட்டைத் திறந்து
அமத்தினேன்.

ம்,
புள்ளி கழன்றது,
ம்மாஆஆ என்று நீண்டு எழுந்தது சத்தம்.
தொட்டிக்குள் உப்புத்தண்ணி
தூக்கத்தில் புரள்கிறவனைப்போல
ஒரு தோளைத் திருப்பியது.
ஒன்பது. ஒன்பது. ஒன்பதே கால்.

"ஒரு பல்லிக்கு ஆறாயிரமோ?" என்றார் முதலாளி.
நாலு தந்தார்.
மிச்சத்துக்கு ஒரு பாரை,
ஐஸ் இல்லாமல், பேப்பரில் சுற்றி.

வெளிக்கிடும்போது சுவரில் இன்னொன்று சொல்லிற்று.
எந்தத் திசை என்று
சுகிர்தன் அண்ணாந்து தேடினான்.
நான் பெனல் கதவைப் பார்த்தேன்:
நாலு திருகாணியில்
ஒன்று குறைந்தது.